மூன்று வேளை அதிமதுரம்

'இவ்வளவு இனிப்பான ஒரு வேரை வைத்துக்கொண்டு ஒரு மனுஷியை இவ்வளவு பாடுபடுத்த முடியுமா?' என்று மனதுக்குள் கேட்டபடி, நாத்தனார் நீட்டிய டம்ளரை வாங்கினாள் அவள்.

"அதிமதுர வேர், அண்ணி. நானே இடிச்சு, சுண்டக் காய்ச்சி, சாறு இறக்கியிருக்கேன். தொண்டைக்கட்டு, வறட்டு இருமல், வயித்துப் புண்ணு, எல்லாத்துக்கும் அந்தக் காலத்திலேருந்து இதுதான். மூஞ்சியைச் சுளிக்காம குடிங்க."

பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் வண்டி நேரம் சொல்வது அவள் வேலை. பத்து நாளைக்கு முன், 'பயணிகளின் கவனத்திற்கு' என்பதில் 'பய' வரைதான் வந்தது. மீதி காற்றாகப் போயிற்று. திங்கட்கிழமைக்குள் குரல் திரும்பாவிட்டால் பதிவு செய்த குரலையே வைத்துக்கொள்வதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

வீட்டில் மட்டும் என்ன? இருபது வருஷமாக இங்கேயும் அறிவிப்புதான். அவள் ஆரம்பித்தால் சுவர்க் கடிகாரம்கூடக் கொஞ்சம் தயங்கித்தான் அடிக்கும். அது அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன, நிறுத்தியதில்லை.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க," என்றாள் நாத்தனார். "நீங்க பேசாத இந்தப் பத்து நாள்ல அண்ணன் முகத்தில ஒரு தெளிவு வந்திருக்கு."

வழக்கமாக இதற்குப் பத்து நிமிஷப் பதில் உண்டு. இன்று புருவத்தை மட்டும் உயர்த்தினாள். நாத்தனார் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

"அவ கிடக்கா," என்றார் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருந்த கணவர். பிறகு மெஷினைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஆறு மாசமா ஊசியில நூல் கோக்க வரலை எனக்கு. முன்னாடியே சொல்லணும்னுதான் நினைச்சேன். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள நீ கண் டாக்டர் பேரு, போற பஸ் நம்பர் எல்லாம் சொல்லி முடிச்சிருப்ப. பயமா இருக்குன்னு சொல்ல இடம் இருக்காது."

இத்தனை நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. 'எங்க வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது நினைவுக்கு வந்து காது சுட்டது.

"போன மாசம் ஒரு சட்டைக்குக் கையை மாத்தி வச்சுத் தச்சுட்டேன். அந்த ஆள்..." என்று தொடங்கியவர், சட்டென்று நிறுத்தி டம்ளரைப் பார்த்தார்.

"என் கதை கிடக்கட்டும். குடிச்சு முடிச்சிட்டியா? ஒரே ஒரு வார்த்தை பேசிப் பாரேன். எனக்காக."

குரல் போன மூன்றாம் நாளே, குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, காலை வண்டிகள் அத்தனையையும் கணீரென்று அறிவித்துப் பார்த்திருந்தாள் அவள்.

திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டி, உதட்டைப் பிதுக்கிவிட்டு, 'மீதியைச் சொல்லுங்கள்' என்பதுபோல் கையை நீட்டினாள்.