இரண்டாவது கோடு

பரிசோதனை அறை மேசையில் மதிய வெயில் பாலாடைபோல் படிந்திருக்கிறது. அதன் நடுவே தீப்பெட்டி அகலத்தில் ஒரு வெள்ளை அட்டை. முகக்கவசம் அணிந்த தையல்காரி அதன்மேல் குனிந்து, கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய சளியில் ஒரு சொட்டு அதற்குள் மெல்ல ஊர்கிறது. முதல் கோடு தெரிந்துவிட்டது. காசநோய், அது பழைய சேதி. இரண்டாவதும் விழுந்தால், வழக்கமான மாத்திரைக்கு மசியாத கிருமி. முன்பெல்லாம் இதை அறிய வாரக்கணக்கில் தவம் கிடக்க வேண்டும். இப்போது டீ ஆறுகிற நேரம் போதும். மின்விசிறி யாரையோ தாலாட்டுவதுபோல் முனகுகிறது. மூடிய ஜன்னலுக்கு வெளியே அவள் மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நிற்கிறாள். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்குவதும் தெளிவதுமாக இருக்கிறது. மகளிடமிருந்து கண்ணைத் திருப்பினால், அட்டையில் சிவப்பாய் இன்னொரு கோடு. "போச்சுக்கா, ரெண்டாவதும் வந்துடுச்சு" என்கிறாள். மேசைக்கு எதிரே இருக்கும் பரிசோதனைக்காரப் பெண் குனிந்து பார்க்கிறாள். இடுக்கியால் அந்தக் கோட்டை அப்படியே தூக்குகிறாள். "உன் சட்டைக் கை நூலும்மா இது. நீயே ஒரு கோடு தைச்சு வெச்சிருக்கே! டெஸ்ட் நேரம் முடிஞ்சுபோச்சு, அடியில ஒண்ணுமே இல்ல பாரு. வழக்கமான மாத்திரைக்கே கேக்கும்." தையல்காரி கனவில் நடப்பவள்போல் ஜன்னலருகே போகிறாள். மகளின் மூச்சில் மங்கிய இடத்தில், இந்தப் பக்கமிருந்து, முகக்கவசத்தைக் கழற்றாமலே உதட்டைப் பதிக்கிறாள்.