பிழையில்லாத கடிதம்

"கம்ப்யூட்டர் பொட்டி ரெடி. அடிம்மா, பார்ப்போம்" என்றார் அதிகாரி.

ரேச்சல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கைப்பையைத் துழாவி ஒரு சிடியை எடுத்து நீட்டினாள்.

அதைப் போட்டால் கம்ப்யூட்டர் பேசும். தட்டுகிற எழுத்தை ஒவ்வொன்றாகக் காதில் சொல்லும். ராயபுரத்தில் கோயில் ஹாலில் பார்வை இல்லாதவர்களுக்கு நடந்த வகுப்பில், ஒன்பது மாதம் அதை வைத்துத்தான் படித்தாள்.

"அதெல்லாம் இங்க போடக் கூடாதும்மா, ஆபீஸ் ரூல். நீ பாட்டுக்கு அடி. ஸ்கிரீனை நாங்க பாத்துக்கறோம்."

பார்வையற்றவர்களுக்கென்று அந்தக் கம்பெனியில் ஒதுக்கியிருந்த ஒரே ஒரு தட்டச்சர் வேலை. ரேச்சலுக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து முடிகிறது. அதோடு வயது வரம்பும். இதற்கு முன் நான்கு இடங்களில் 'சொல்லி அனுப்புகிறோம்' என்றார்கள். யாரிடம் சொல்லி அனுப்பினார்களோ, அந்த ஆள் இன்னும் வந்து சேரவில்லை.

முதுகுக்குப் பின்னால் அவளுடைய அம்மா பிலோமி நின்றிருந்தாள். இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்தும் போகாத நண்டு வாசனையோடு.

ரேச்சலின் விரல்கள் விசைப்பலகை மேல் ஒரு கணம் அப்படியே நின்றன.

பிறகு ஓடத் தொடங்கின.

வகுப்பில் நூறு முறை அடித்த ஆங்கிலக் கடிதம். தாங்கள் அனுப்பிய சரக்கு வந்து சேர்ந்தது, மிக்க நன்றி. ஒரு காற்புள்ளிகூட விடுபடவில்லை. ஓரிடத்தில் சுண்டுவிரல் வழுக்கியது. பின்னால் போய் அழித்துத் திருத்தினாள். கடைசியில், கடிதத்தைச் சேமிக்கும் இரண்டு விசைகளையும் மறக்காமல் சேர்த்து அழுத்தினாள்.

"அடேங்கப்பா! கலக்கிட்டம்மா" என்றார் அதிகாரி. பக்கத்தில் இருந்த இருவரும் கைதட்டினார்கள்.

டீ வந்தது. கூடவே இரண்டு பிஸ்கட்.

கையெழுத்துப் போடுவேன் என்று அவள் சொல்வதற்குள், தேர்வுக்கு வந்ததற்கு அடையாளமாகக் குமாஸ்தா அவள் கட்டைவிரலை மையில் உருட்டிப் பதிவேட்டில் அமுக்கிவிட்டார்.

பிலோமி டீயைத் தொடவில்லை.

இருபத்தைந்து வருடமாக மார்க்கெட்டில் நண்டு விற்கிறவள் அவள். வாங்குகிறவன் நண்டைப் புரட்டுவான், அடிவயிற்றை அமுக்குவான், வெறும் ஓடு என்பான், பாதி விலைக்குக் கேட்டு வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வான். தள்ளி நின்று 'நல்ல நண்டும்மா' என்று சிரிக்கிறவன் அப்படியே மீன் வாங்கப் போய்விடுவான்.

இங்கே மூன்று பேர். ஒருவர்கூட ஒரு குறை சொல்லவில்லை. ரேச்சல் கொண்டுவந்த வகுப்புச் சான்றிதழைப் பிரிக்கக்கூட இல்லை.

எண்ணூர் நெடுஞ்சாலையில் பஸ் ஏறியதும் பிலோமி ஆரம்பித்தாள்.

"இன்னா ஸ்பீடுமே ஒனக்கு! நீ தட்டத் தட்ட எழுத்து அப்டியே வந்து வந்து குந்திகினு கீது. அந்த ஆபீசரு ஆடிப் பூட்டான்."

"தப்பு எதுனா வந்துச்சாம்மா?"

"ஒண்ணு கூட இல்ல."

"ஒனக்கு இங்கிலீசு தெரியுமாக்கும்?"

"தெரியாட்டி இன்னா? கரீட்டா வந்தா பார்க்கசொல்லோ தெரியாதா?"

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ரேச்சலும் சிரித்தாள்.

கோயில் ஹாலில் முதல் பாடம், விரல் வைப்பது அல்ல. காது வைப்பது. கம்ப்யூட்டரைப் போட்டதும் உள்ளே ஒரு சின்ன விசிறி சுற்ற ஆரம்பிக்கும். அணைக்கிற வரை அந்த இரைச்சல் நிற்காது. பேச வைக்கிற சிடி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

அந்த மேசையில் அது கேட்கவில்லை.

உட்கார்ந்த உடனேயே தெரிந்துவிட்டது. எழுந்துவிடலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் பின்னால் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அவளுக்காகத்தான் அடித்தாள். அவளுக்காகத்தான் திருத்தினாள்.

அணைந்து கிடந்த பெட்டியில் அம்மா எழுத்துகளைப் பார்த்திருக்கிறாள்.

ரேச்சல் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எழுத்து இன்னா கலரும்மா?"

பிலோமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீலம்" என்றாள். "நல்லா பளிச்சினு."