ஏழாவது கல்

இந்தக் காலத்து ஜனங்களை நம்பி ஒரு குண்டூசியைக்கூடக் கையில் கொடுக்க முடியாது என்பது கோதண்டத்தின் கட்சி. மனைவியின் சிவப்புக்கல் தோடுகளை மருமகள் நீரஜா வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தபோதும், கிண்ணத்தருகே காவலுக்கு நின்றார்.

“ஒரு தோட்டுல ஏழு கல்லு, இன்னொண்ணுல ஆறு. நல்லா எண்ணிக்கோ.”

“ஏழாவது எங்கே மாமா?”

“நகை வேலை பாக்குற எதிர்வூட்டு அக்பர் பாஷாகிட்ட திருகாணி மாத்தக் குடுத்தேன், கல்ல முழுங்கிட்டான். இருபது வருசமா அவன் மூஞ்சில முழிக்கிறதில்ல.”

நீரஜா பழைய பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்தாள். எண்ணெயும் மஞ்சளும் கறுப்பாகக் கரைந்து வந்தன.

“மாமா! குழின்னு நெனச்சீங்களே, அது வெறும் அழுக்கு. கல்லு உள்ளேயேதான் இருக்கு பாருங்க!”

கோதண்டம் ஜன்னல் வெளிச்சத்தில் மூன்று தடவை எண்ணினார். ஏழு.

“பாவம் பாஷா. போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க.”

அவரைக் கண்டதும் பாஷா பதறி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “வா நைனா, வா!”

“கல்லு கெடச்சிடுச்சு,” என்றார் கோதண்டம், உட்காராமலே.

பாஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “நான் எடுக்கலன்னு இப்பவாவது நம்புறியா?”

“அது கெடக்கட்டும். அந்தக் கல்லத் திருப்பி வைக்க எங்க வூட்டுக்குள்ள எப்ப பூந்தே? அத மட்டும் சொல்லு.”

பதிலுக்குக் காத்திராமல் கோதண்டம் படியிறங்கி, கச்சேரி ரோடு பக்கம் விறுவிறுவென்று நடந்தார். வாசலுக்குப் பெரிய பூட்டாக ஒன்று வாங்க வேண்டும்.