வெள்ளைக் கை

அச்சு அறையில் அப்போது ஐந்து பேர் இருந்தார்கள்.

மேடம் ஜன்னலோர மேசையில், மதிப்பெண் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூடப் படிக்கும் இரண்டு பேர் பக்கத்து எந்திரத்தில், ஆளுக்கொரு வேலையாக. அண்ணன் வாசலை ஒட்டிய முக்காலியில், வெள்ளைச் சட்டை எதிலும் பட்டுவிடாதபடி முழங்கையை ஒடுக்கிக்கொண்டு.

அவள் மட்டும் உட்காரவில்லை. மணிக்கட்டுவரை மையோடு தன் எந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணன் மடியில் ஒரு படிவம். இரண்டாம் வருடத்தோடு இந்த ஓவியப் படிப்பை நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லும் படிவம். அப்பா தன் இடத்தில் கையெழுத்துப் போட்டு, அவள் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி வைத்து, திருப்பி அனுப்பத் தன் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறையையும் சேர்த்து அண்ணனுக்கு அனுப்பியிருந்தார். ஊர்க் கல்லூரியில் வணிகவியலுக்கு இடம் சொல்லி வைத்தாயிற்று. அப்பா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார்.

"ஒரு கையெழுத்துதானே, குட்டி. கையைக் கழுவிட்டு வந்து போட்டுடு. நாலரைக்குத் தபால் எடுத்துடுவாங்க."

"இப்ப கழுவப் போனா தகட்டுல மை காஞ்சிடும். நாலு மணிக்குள்ள பத்துப் படம் குடுக்கணும். பத்தும் ஒண்ணு போல இருக்கணும். அது முடியட்டும். அதுக்கப்புறமும் நீ போடுன்னு சொன்னா போடறேன்."

மணி இரண்டேகால்.

பத்து வராவிட்டால் தேர்வில் தேறமாட்டாள். அப்பாவின் படிவத்துக்கு வேலையே இருக்காது. அதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கும். இந்த நேரம் பார்த்து அவளுடைய ஜோடிக்காரி காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

இது இரண்டு பேர் வேலை. கறுப்புக் கை, படம் கீறிய தகட்டில் மை பூசித் துடைக்கும். வெள்ளைக் கை ஈரத்தாளை எடுத்து அதன்மேல் வைக்கும். கறுப்புக் கை தாளைத் தொடக்கூடாது, வெள்ளைக் கை மையைத் தொடக்கூடாது. அந்த அறையின் எழுதாத சட்டம் அது.

அவள் அண்ணனுடைய கைகளைப் பார்த்தாள். அவனுக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். ஏழு வருடமாக ஒரு லென்ஸில்கூட அவன் விரல்ரேகை பட்டதில்லை.

"சும்மாதானே உக்காந்திருக்க? பேப்பரோட ஓரத்தை மட்டும் புடி. லென்ஸ்னு நெனச்சுக்கோ."

"சீக்கிரம் முடிஞ்சா சரி" என்று படிவத்தை முக்காலியில் வைத்துவிட்டு எழுந்தான்.

ஈரப்படுத்திய தாள் பன்னிரண்டு இருந்தது. முதல் தாளை அவன் கோணலாக வைத்தான். நாலாவதில் அவளே மைச்சொட்டு விட்டாள். இரண்டையும் யோசிக்காமல் ஒதுக்கினாள். இனி ஒன்றுகூடத் தப்பக்கூடாது.

பூசினாள், துடைத்தாள், சக்கரத்தைச் சுற்றினாள். தோள்பட்டை கெஞ்சியது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒன்பதாவதில் அண்ணனே பதறினான். "இரு, இரு. ஒரு நூல் சாஞ்சிருக்கு." தாளைத் தூக்கி மறுபடி வைத்தான்.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பத்தாவது படம் வந்தது. மேடம் பத்தையும் வரிசையாகப் பரப்பி, குனிந்து குனிந்து பார்த்தார்.

"பத்தும் ஒரே பிரசவத்துல பொறந்த மாதிரி இருக்கு" என்று பதிவேட்டில் எழுதினார்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் முக்காலியில் இருந்த படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மணி பார்த்தான்.

சொன்ன சொல் சொன்னதுதான். கை கழுவப் போனாள். எண்ணெய் போட்டுத் தேய்த்தாள், சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கையெழுத்தே போட்டாலும் தகட்டில் கீறுவதை விடப்போவதில்லை என்று ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள். நகக்கண்ணில் மட்டும் கறுப்பு போகவில்லை. இருக்கட்டும் என்று விட்டாள்.

திரும்பி வந்தபோது அண்ணன் உறையின் வாயை ஒட்டிக்கொண்டிருந்தான்.

"நான் இன்னும் கையெழுத்துப் போடலையே?"

"போட வேணாம்."

எந்திரத்தில் அவள் தகடு இருந்தது. யாரோ அதில் புதிதாக மை பூசி, லென்ஸைத் துடைப்பதுபோல வட்டம் வட்டமாகத் துடைத்திருந்தார்கள். பன்னிரண்டு தாளும் தீர்ந்துபோயிருந்தன. முக்காலி காலியாக இருந்தது. படிவத்தின் பின்பக்கம் வெற்றுத்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

மேடம் ஜன்னலையே இதற்கு முன் பார்த்திராதவர்போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

தபால்பெட்டி கல்லூரி வாசலில் இருந்தது. அண்ணனின் நடைக்கு அவள் ஓட வேண்டியிருந்தது.

"இத்தனை தடவை தூக்கி வச்சேன், ஓரத்தைத்தான் பார்த்தேன்" என்றான். "நீ போனப்புறம்தான் படத்தைப் பார்த்தேன். அப்பாவோட கண்ணாடி. இடது கம்பியில நூல் சுத்தினதுகூட அப்படியே இருக்கு. மாத்தித் தரேன்னு நான் சொல்லி ஆறு மாசம் ஆச்சு."

"அப்பா திட்டப்போறாரு, அண்ணா."

"திட்டட்டும். திட்டறதுக்கு முன்னாடி படிவத்துப் பின்பக்கத்துல இருக்கற படத்தைப் பார்க்கணுமே. பார்க்கணும்னா அந்தக் கண்ணாடியைத்தான் போட்டாகணும்."

ஒட்டிய மடிப்பின்மேல் அவனுடைய கட்டைவிரல் ரேகை, சுழி சுழியாக, கறுப்பாகப் பதிந்திருந்தது.

அவள் கைக்குட்டையை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

உறையைப் பெட்டிக்குள் போட்டான்.