பருவதமலைக்கு ரெண்டு ரூம்

“அய்யே! தூரப் பிடிய்யா அந்த போனை. காலங்காத்தால வயித்தைக் குமட்டுது!”

ராஜகோபால் மூக்கைப் பொத்திக்கொண்டார். போனில் இருந்தது ஒரு லாட்ஜ் குளியலறையின் படம். படத்துக்கு நாற்றம் கிடையாது என்று அவருக்கு யார் சொல்வது?

“இதுவும் வேணாமா? இதோட ஆறு லாட்ஜ் ஆச்சுண்ணே,” என்று சலித்துக்கொண்டார் பூவராகவன்.

சர்வதீர்த்தக் குளத்தைச் சுற்றி தினமும் காலையில் நடக்கிற மூன்று பேர் அவர்கள். பங்குனித் திருவிழாக் கூட்டம் சேர்வதற்கு முன்னால், ஒரு சனி ஞாயிறு குடும்பத்தோடு பருவதமலை ஏறிவிட்டு வரலாம் என்று ஒரு மாதமாகத் திட்டம். வேன் பேசியாயிற்று, பிள்ளைகள் ஷூகூட வாங்கிவிட்டார்கள். தங்க இடம்தான் அமையவில்லை.

ஒரு லாட்ஜில் தலையணை உறையில் எண்ணெய்க் கறை. இன்னொன்றில் சோப்பில் முடி. வேறொன்றில் பக்கெட் ஓரம் பாசி. ராஜகோபால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘அய்யே’ சொல்லி, ஒரு தடவை துப்பினார். குளத்துப் படி அசிங்கமாவதில் மட்டும் அவருக்கு ஒரு அருவருப்பும் இல்லை.

“மொதல்ல இதைக் குடிங்கண்ணே.” மூன்றாமவரான ராஜவேலு பிளாஸ்கைத் திறந்து, சில்வர் டம்ளரில் சுக்குக் காப்பி ஊற்றி நீட்டினார். நடை முடிந்ததும் நாலு வருடமாக இதுதான் வழக்கம்.

ராஜகோபால் கண்ணை மூடி உறிஞ்சினார். “ஆகா! வெளிய ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன். இதை மட்டும் அண்டா நிறையக் குடுத்தாலும் குடிப்பேன். பொடி எங்கய்யா வாங்கற?”

“வாங்கறதில்லண்ணே, பருவதமலைப் பக்கத்துலேருந்து வருது. அங்க அடிவாரத்துலயே ஒரு புது லாட்ஜ் இருக்குது. சுத்தமா இருக்கும். பேசிப் பாருங்களேன்.”

பூவராகவன் அந்த நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பேசும்போதே படங்கள் வந்து விழுந்தன. வெள்ளை விரிப்பு, புது டைல்ஸ், வெந்நீர்க் குழாய், ஜன்னலைத் திறந்தால் மலை. ராஜகோபால் கக்கூஸ் படத்தைப் பெரிதாக்கி மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். துப்புவதற்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

“இதான்யா ரூமு! பெரிய ரூமா ரெண்டு போட்டுக்கப்பா. ஆமா, சாப்பாட்டுக்கு?”

“இங்கயே வூட்டுச் சாப்பாடு சார்,” என்றார் லாட்ஜ்காரர். “செல்லியம்மான்னு ஒரு அக்கா செய்யறாங்க. போன வாரம்தான் வேலைக்குச் சேந்தாங்க. கைப்பக்குவம் அப்படி இருக்குது.”

“அவங்க எந்தத் தெரு?”

யாராக இருந்தாலும் முதலில் தெருவைக் கேட்டுத் தெரிந்துகொள்வது ராஜகோபாலின் பழக்கம். ராஜவேலுவையும் ஒரு காலத்தில் கேட்டவர்தான். ‘ஹவுசிங் போர்டு’ என்றதும், “அட, நம்ம மச்சான் இருக்கிற எடம்!” என்று சந்தோஷப்பட்டு, அதோடு விட்டுவிட்டார்.

லாட்ஜ்காரர் கொஞ்சம் தயங்கினார். “தெருவுன்னா... ஊருக்குள்ள இல்ல சார். ஊருக்கு அந்தாண்ட.”

பக்கெட் பாசியைப் பார்த்தபோதுகூட ராஜகோபாலின் முகம் அப்படிக் கோணவில்லை.

“அய்யே! அவங்க கையால தின்னுட்டு நாங்க மலை ஏறணுமா? சாமி பாக்கப் போறோம்யா!”

“அண்ணே, இந்தக் காலத்துல போயி...” என்று முனகிய பூவராகவன், வழக்கம்போல வாயை மூடிக்கொண்டார்.

“இத பாருங்க,” என்றார் ராஜகோபால் போனிடம். “நாங்க பன்னெண்டு பேரு வர்றோம். அந்தம்மாவை நிறுத்திட்டு வேற ஆளைப் போடுங்க. இல்லன்னா ரூமே வேணாம்.”

புது லாட்ஜ். இத்தனை பேர் சேர்ந்து வருவது இதுதான் முதல் தடவை.

“சரிங்க சார். இன்னைக்கே நிறுத்திடறேன்.”

முகம் தெரியாத ஒருத்தியின் பிழைப்பில் காலை நேரத்தில் மண்ணைப் போட்டாயிற்று. ராஜகோபால் மீசையைத் தடவிக்கொண்டு, காலி டம்ளரை நீட்டினார்.

“பாத்தியா ராஜவேலு? வாயைத் தொறந்து கேட்டாத்தான் எதுவும் நடக்கும். இன்னொரு வாய் ஊத்துப்பா.”

ராஜவேலு ஊற்றவில்லை. டம்ளரை இரண்டு விரலால் விளிம்பில் பிடித்து வாங்கினார். எழுந்து போய், படியோரம் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டார்.

“இன்னாய்யா இது! நல்ல சில்வர் டம்ளரைப் போய்...”

ராஜவேலு பிளாஸ்கை இறுக்கி மூடினார்.

“செல்லியம்மா என் கூடப் பொறந்தவ. நாலு வருஷமா சுக்குப் பொடியை இடிச்சு அனுப்பறதும் அவதான்.”

ராஜகோபாலின் வாய் திறந்தபடி நின்றது. துப்புவதா, விழுங்குவதா என்று அவருக்கே தெரியவில்லை.

பூவராகவன்தான் மெதுவாகக் கேட்டார். “சரிப்பா, அதுக்கு டம்ளரு இன்னா பண்ணிச்சு?”

“சாரு வாய் வெச்சது. இனிமே எங்க வூட்டுல சேத்துக்க மாட்டோம்.”