வெளியே போகும் பூனை

"இன்னொரு தடவை இது வீட்டுக்குள்ள அசிங்கம் பண்ணுச்சுன்னா, சாக்குல கட்டி ஜெலுத்தோங் பாசார்ல விட்டுட்டு வந்துருவேன்!" என்று சிக்கந்தர் கத்தியபோது, பூனை ஜுலைகாவின் மடியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

கப்பலேறி பினாங்குக்கு வந்த புதுப்பெண் அவள். கணவன் சிக்கந்தர் சூலியா தெருவிலுள்ள கடைக்குப் போய்விட்டால், பேச்சுத்துணைக்கு அந்தப் பூனைதான்.

"நான் பழக்கிடுறேன், மச்சான்."

பிஸ்கட் தகரத்தில் மணலைக் கொட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்தாள். நாள்தோறும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லைக் கதவுப் பக்கம் நகர்த்தினாள். கடைசியில் தகரம் வெளியே போய்விட்டது. அதன்பிறகு வீட்டுக்குள் ஒரு துளி அசிங்கம் இல்லை.

"பாத்தீங்களா? இப்பல்லாம் வெளியதான் போகுது!"

"ம்... நீ கெட்டிக்காரிதான் புள்ள" என்றான் சிக்கந்தர், எங்கோ பார்த்தபடி.

ஜுலைகாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அடுத்த வீட்டு நூர்ஜான் அக்காவுக்கும் அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தாள்.

ஒருநாள் விடியற்காலைத் தொழுகைக்கான சுபுஹு பாங்குக்கு முன்பே அவளுக்கு விழிப்பு வந்துவிட்டது. கீழே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, சிக்கந்தர் தரையிலிருந்த அசிங்கத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பூனை உட்கார்ந்து கத்தியது.

"கத்தாத லா! அவ எந்திரிச்சா நம்ம குட்டு வெளிப்பட்டுரும்" என்று அதனிடம் கெஞ்சினான். "நீ போயிட்டா, இந்த வீட்டுல அவ யாரோட சிரிப்பா?"

ஜுலைகா ஓசைப்படாமல் படுக்கைக்குத் திரும்பி, போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.