காலிக் கோப்புறை

காது கேளாதவர்கள் மருத்துவமனைக்குப் போனால் சைகைமொழி தெரிந்தவரை வரவழைக்கும் இணையதளம் ஒன்றை பிரிசில்லா எழுதியிருந்தாள். லாபமில்லை என்று நிறுவனம் அதை மூடியது. மேலாளர் சந்தானம் பக்கத்தில் நின்று பார்க்க, அவளே தன் கையால் எல்லாவற்றையும் அழித்தாள். அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். பிறகு பையிலிருந்து சொந்த லேப்டாப்பை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து, காலிக் கோப்புறை ஒன்றில், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் புதிய ப்ராஜெக்ட் தொடங்கும் கட்டளையை அடித்தாள்.

“என்ன பண்றீங்க?”

“மறுபடியும் கட்டப் போறேன் சார்.”

“இங்க எழுதுனதுல ஒரு வரிகூட எடுக்க முடியாது. வக்கீல் நோட்டீஸ் வரும்.”

“ஒரு வரியும் வேண்டாம் சார். அது சுமாராத்தான் இருந்துச்சு.”

அந்தத் தளத்தைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்த வஹீதாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேசியது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. மேசைமேல் கிடந்த அட்டையைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பிரிசில்லாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

அடித்த கட்டளைக்குத் திரையில் முதல் கேள்வி வந்து நின்றது. வழக்கமான அமைப்புகளையே வைத்துக்கொள்ளலாமா?

சந்தானமும் குனிந்து படித்தார். பிரிசில்லா லேப்டாப்பை வஹீதா பக்கம் திருப்பினாள். வஹீதா அவரை நிமிர்ந்து பார்த்தபடியே ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினாள்.